பூஜ்யம் போட்டால் காத்திருக்கும்

ஒரு ஊரில் ஒரு இரும்புப் பெட்டி இருந்ததாம். அந்தப் பெட்டிக்குள்ளே, யார் கண்ணுக்கும் படாமல் ஒரு ராசா இருந்தானாம். ம் கொட்டுங்கள் அக்கா. எதிரே இருப்பவர் ம் கொட்டாவிட்டால் எனக்குக் கதை ஓடாது. சின்ன வயதிலிருந்தே அப்படிப் பழக்கிவிட்டார்கள்.

ஆங், அப்படித்தான்.

நீங்கள்தானே கேட்டீர்கள், "தம்பியப் பாத்தா வெளியூராட்டம் இருக்குது, இங்க என்ன சோலி?" என்று. கெர்னலுக்குக் கையேடு எழுதுகிறவன் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். சொன்னால் உங்களுக்குப் புரியாது. எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் புரியவில்லை, மாப்பிள்ளை கைடு போடுகிற கடை வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். அதனால்தான் ராசாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். உள்ளே விசாரணை முடிய நேரமாகும் போலிருக்கிறது. முதலில் உள்ளே கூப்பிட்ட பெண் இன்னும் வெளியே வரவில்லை. அடுத்தது நான்தான். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். தணிகைவேல்.

பெட்டி என்றேன் அல்லவா? எல்லா மிஷினிலும் ஒன்று உண்டு. இதோ கீழே உங்கள் பாலை ஊற்றிக் குளிர வைக்கிறார்களே, அந்தப் பெரிய டேங்குகளில்கூட ஒவ்வொன்றுக்கும் ஒன்று. மோட்டார், விளக்கு, கம்ப்ரசர் எல்லாம் ராசாவின் சொத்து. வெளியிலிருந்து புரோகிராம் எழுதுகிறவர்கள் யாரும் நேராகப் போய்த் தொட முடியாது. வாசலில் நின்று மனுக் கொடுக்க வேண்டும். ‘ராசாவே, மோட்டாரை ஓட்டு.’ ‘ராசாவே, இவ்வளவு நேரம் கழித்து என்னை எழுப்பு.’ அவன் எழுப்புவான். அந்த ராசாவைத்தான் நாங்கள் கெர்னல் என்கிறோம். கோயம்புத்தூரில் எங்கள் ஆபீஸில் அவனைச் செய்து விற்கிறோம். எப்படி மனுக் கொடுப்பது, கொடுத்தால் ராசா என்ன செய்வான் என்று எழுதி வைப்பது என் வேலை. அதுதான் கையேடு. ராசாவுக்குத் தண்டோரா போடுகிறவன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

தண்டோரா ஒன்று சொல்லும், ராசா வேறொன்று செய்வான். அங்கேதான் வினை.

நான் சேருவதற்கு முன்னாலிருந்தே அப்படி. ஒன்றிரண்டு இல்லை, பல இருந்தன. பெரும்பாலும் யாருக்கும் கெடுதல் இல்லாத விஷயங்கள். ஒன்று மட்டும் கொஞ்சம் பெரியது. கையேட்டில் ‘காத்திரு’ என்று ஒரு மனு உண்டு. எவ்வளவு நேரம் என்று ஒரு எண் கொடுக்க வேண்டும். ஐந்து என்றால் ஐந்து வினாடி. பூஜ்யம் கொடுத்தால்? ‘காத்திருக்காமல் உடனே திரும்பும்’ என்று கையேடு சொல்லும். யாரைக் கேட்டாலும் அதைத்தானே சொல்வார்கள்? நீங்களே சொல்லுங்கள், பூஜ்யம் நிமிஷம் நில்லு என்றால் நிற்பீர்களா?

எங்கள் ராசா நிற்பான். நின்றுகொண்டே இருப்பான். யாராவது வந்து பொத்தானை அழுத்தும்வரை, ஆயுசுக்கும்.

ஏன் என்று கேட்காதீர்கள். வைத்தீஸ்வரன் சார் முதன்முதலில் எழுதும்போது அப்படி எழுதிவிட்டார். கெர்னல் முழுக்க அவர் கைப்பட வந்தது. நல்ல மனிதர் அக்கா. என் தங்கை காலேஜ் சேர அவர்தான் போனில் பேசினார். ஒரு நாளும் என்னை வாடா போடா என்றதில்லை. நான் சேர்ந்த புதிதில் இதைக் கண்டுபிடித்துவிட்டு அவர் மேஜைக்கு ஓடினேன். பெரிய கண்டுபிடிப்பு மாதிரி.

"சார், கையேட்டுல ஒண்ணு இருக்கு, கெர்னல் வேற பண்ணுது."

"தெரியுமே," என்றார். டீயை ஊதிக்கொண்டே.

"அப்ப கெர்னலைத் திருத்திடலாமா சார்?"

"திருத்தலாம்யா. சேலத்துல ஒரு மில்லு இருக்கு. அவன் மிஷின்ல வேணும்னே ஜீரோ போட்டு வெச்சிருக்கான். ஆள் கையை வெளிய எடுத்துட்டுப் பொத்தானை அழுத்தற வரைக்கும் மிஷின் நிக்கணும்னு. நீ நாளைக்கு ஜீரோன்னா உடனே போன்னு மாத்திட்டா, அவன் கை உள்ள இருக்கும்போதே ஓட ஆரம்பிச்சிடும். யார் கை போனாப் பரவால்லைன்னு சொல்லு, மாத்திடுவோம்."

"அப்ப கையேட்டையாவது திருத்திடறேன் சார்" என்றேன்.

சிரித்தார். "கையேட்டைத் திருத்தினா, இத்தனை நாளா தப்பா எழுதியிருந்தோம்னு நாமளே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆயிடும். ஒவ்வொருத்தனும் எங்க மிஷினை வந்து பாரு, இன்னும் என்னெல்லாம் தப்பு சொல்லுன்னு நிப்பான். எழுதினா அது பிழை தணிகை. சொன்னா அது பழக்கம். வாயால சொல்லிடு."

வாயால் சொல்வது. அதுதான் எங்கள் ஆபீஸ் முறை. யாராவது புதிதாகச் சேர்ந்தால் முதல் நாளே எதிர்த்த டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போவோம். பெஞ்சில் உட்கார வைத்து, கையேட்டில் எங்கெங்கே நம்பக் கூடாது என்று சொல்லிக் கொடுப்போம். ‘ஜீரோ போடாதே, ஒண்ணு போடு.’ அந்த வேலையைப் பிறகு என்னிடமே கொடுத்துவிட்டார்கள். நான் இந்த ராசா கதையாக ஆக்கினேன். ‘எனக்கு நிற்க நேரமே இல்லை ராசா’ என்று நீ சொல்வாய். ராசாவுக்குக் காது மந்தம். ‘ஓகோ, இவனுக்கு நேரக் கணக்கே இல்லையாம்’ என்று நினைத்து உன்னை உட்கார வைத்துவிடுவான். எல்லாரும் சிரிப்பார்கள். கதையாகச் சொன்னால் ஒருத்தரும் மறக்க மாட்டார்கள் அக்கா. எங்கள் ஆபீஸில் யாரும் பூஜ்யம் போட்டதே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வெளியே வாங்கினவர்களுக்கு? அவர்களுக்கும் வாயால்தான். சந்தேகம் கேட்டுப் போன் பண்ணுவார்கள், நான்தான் எடுப்பேன். என் குரல் மெதுவாக இருக்கிறதாம், கோபத்தோடு கூப்பிடுகிறவர்கள்கூட அடங்கிவிடுகிறார்களாம். "சார், கையேட்டுல அப்படித்தான் இருக்கும், நீங்க ஒண்ணு போட்டுக்கங்க" என்பேன். "ஓ, அப்படியா, சரி" என்பார்கள். முடிந்தது.

போன் பண்ணாதவர்கள் என்ன செய்வார்கள் என்று நான் யோசித்ததில்லை. பண்ணுவார்கள் என்று நினைத்தேன்.

ம் கொட்டுங்கள். டீ வேண்டாம் தம்பி, எனக்கு வேண்டாம். அக்காவுக்குக் கொடுங்கள். எனக்குப் பால் ஒத்துக்கொள்வதில்லை இப்போதெல்லாம். கொஞ்ச நாளாகத்தான்.

எங்கே விட்டேன்? போன். இந்த வருஷம் ஆடி முடிந்த கையோடு போனில் ஒரு குரல் வைத்தார்கள். கூப்பிட்டவுடன் ஒரு பெண் குரல், ‘தங்கள் அழைப்பு பதிவு செய்யப்படுகிறது’ என்று சொல்லும். எல்லாப் பெரிய கம்பெனியிலும் இருக்கிறதே, அது. அன்றைக்கே சார் என் மேஜைக்கு வந்து நின்றார். "இனிமே போன்ல பாத்துப் பேசு. பேசறதெல்லாம் பதிவாவுது. பதிவானா எழுதின மாதிரிதான்" என்றார். சரிதானே? எழுதினால் பிழை. அதனால் போனிலும் சொல்லக் கூடாது என்று ஆகிவிட்டது. கையேட்டில் இருப்பதை இருப்பது மாதிரியே வாசிக்க வேண்டும். ரொம்ப முக்கியமாக இருந்தால் சாயங்காலம் என் சொந்தப் போனிலிருந்து கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று வைத்துக்கொண்டேன். ஒன்றிரண்டு பேருக்கு அப்படிச் சொல்லியும் இருக்கிறேன்.

அப்போதுதான் அந்தப் பெண் கூப்பிட்டாள்.

ஆமாம், உள்ளே இருக்கிறாளே, அவள்தான். ஜெபசெல்வி. சாயர்புரத்துப் பக்கமாம். இந்தப் பால் கம்பெனியில் டேங்குகளுக்கெல்லாம் புரோகிராம் எழுத எடுத்திருந்தார்கள். எனக்கு அன்றைக்குப் பெயர் தெரியாது. நாங்கள் பெயர் கேட்பதில்லை, சொல்வதும் இல்லை.

"சார், ஒரு சந்தேகம் கேக்கலாமா?" என்றாள். "கரண்ட் போயிட்டு வந்தா கம்ப்ரசர் உடனே ஓடக் கூடாதுன்னு கொஞ்ச நேரம் காத்திருக்க வச்சிருக்காவ. இப்ப புதுசா ஸ்டெபிலைசர் மாட்டியாச்சு. காத்திருக்க வேண்டியதே இல்ல. அதனால அந்த எண்ணுல ஜீரோ போடுதேன். உங்க பக்கத்த வாசிச்சேன், உடனே திரும்பும்னு போட்டிருக்கு. கம்ப்யூட்டர்லயும் ஓட்டிப் பாத்தேன், சரியாத்தான் வருது. இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடலாம்னு."

கம்ப்யூட்டரில் சரியாக வருவது எப்படி என்று கேட்கிறீர்களா? கேட்கவில்லையா. சரி, நானே சொல்கிறேன், அது இன்னொரு கூத்து. பெட்டி கையில் இல்லாதவர்கள் ஓட்டிப் பார்க்கட்டும் என்று, பெட்டியைப் போலவே நடிக்கிற ஒரு மென்பொருளை வெளி ஆளிடம் கொடுத்து எழுதி வாங்கினோம். அந்த ஆள் எங்கள் டீக்கடைக்கு வந்ததில்லை. கையேட்டைப் படித்து, அதில் இருக்கிறபடியே எழுதிக் கொடுத்துவிட்டார். நடிக்கிற ராசா யோக்கியன். நிஜ ராசாதான் அப்படி.

ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று அவள் சொன்னாள் இல்லையா? எத்தனை பேர் அப்படிக் கேட்பார்கள்? நான் வாயைத் திறந்தேன். ‘அம்மா, ஜீரோ போடாதீங்க’, அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. போனில் வைத்த அந்தக் குரல் ஞாபகம் வந்தது, பதிவு செய்யப்படுகிறது என்று. சார் அந்தக் கடைசி மேஜையில் இருந்தார், அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. நான் பக்கத்தைத் திறந்து வாசித்தேன். ‘பூஜ்யம் கொடுத்தால் காத்திருக்காமல் உடனே திரும்பும்.’ மெதுவாக, தெளிவாக.

"அப்ப சரி சார். ரொம்ப தேங்க்ஸ், நல்லாப் பொறுமையாச் சொல்லுதீங்க" என்றாள்.

சாயங்காலம் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான் நம்பரை மனசில் வைத்தேன். சத்தியமாக. அன்றைக்கு ஆபீஸில் ஒருவருக்குப் பிறந்த நாள், கேக் வெட்டினார்கள். மறுநாள் ஞாயிறு. அப்புறம் நம்பரில் கடைசி இரண்டு எண் குழம்பிவிட்டது. ஆபீஸ் போனில் தேடி எடுத்திருக்கலாம். எடுத்தால், எதற்குத் தேடுகிறாய் என்று கேட்பார்கள்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்தப் போனில் பதிவே ஆகவில்லை அக்கா. பிறகுதான் தெரிந்தது. பதிவு பண்ணுகிற மிஷினை யாரும் வாங்கவே இல்லை. குரலை மட்டும் வைத்துவிட்டார்கள். தண்டோரா ஒன்று, ராசா ஒன்று. நான் எதற்குப் பயந்து வாயை மூடினேனோ, அது அங்கே இல்லவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பால் ஊற்றுகிறவர் நீங்கள், உங்களுக்குத் தெரியும். சாயங்காலப் பால் நிறைய வந்திருந்ததாம். இருட்டுகிற நேரம் கரண்ட் போயிற்று, கொஞ்சத்தில் வந்தும் விட்டது. விளக்கெல்லாம் எரிந்தது. டேங்கில் ‘காத்திருக்கிறது’ என்று எழுத்து வந்தது. பார்த்துக்கொள்கிறவர் அதைப் பார்த்துவிட்டு, சரி, காத்திருக்கிறது, ஓடும் என்று போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? எத்தனை வருஷமாகக் கரண்ட் போனால் அந்த எழுத்து வரும், கொஞ்ச நேரத்தில் கம்ப்ரசர் ஓடும். அன்றைக்கு ஓடவில்லை. விடிந்து மூடியைத் திறந்தால் அத்தனை டேங்கும் திரிந்து கிடந்தது.

ஓடையில் திறந்துவிட்டார்களாமே. ஓடை வெள்ளையாகப் போனதாம். கேட்டதிலிருந்து எனக்கு அது கண்ணை விட்டுப் போகவில்லை. பால்தானே, ஆள் உயிரா போயிற்று என்று சார் சொன்னார். நானும் அப்படித்தான் மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஐயோ, உங்களை வைத்துக்கொண்டு சொல்கிறேனே. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பால் எவ்வளவு அக்கா? இரண்டு மாடா. ம்.

ஆனால் ஒன்று. அதைவிட இன்னொரு விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. அன்றைக்குக் காலையில் ஊர்க்காரர்கள் எல்லாம் இங்கே வந்து கூடிவிட்டார்களாம். யார் பண்ணினது, யார் பண்ணினது என்று. கம்பெனிக்காரர்கள் அந்தப் பெண்ணைக் கைகாட்டிவிட்டார்கள். "படிச்ச புள்ளைன்னு வேலைக்கு வெச்சா எங்க வவுத்துல அடிச்சுட்டயே" என்று ஒரு அம்மா, திரிந்த பாலை ஒரு வாளி நிறைய மொண்டு, அந்தப் பெண்ணின் தலையிலேயே ஊற்றிவிட்டதாம். அவள் அப்படியே நின்றாளாம். ‘நான் போன் பண்ணிக் கேட்டேன்’ என்று மட்டும் சொன்னாளாம். யாரைக் கேட்டாய் என்றால் பெயர் தெரியாதாம்.

அந்த அம்மாவையும் சொல்லக் கூடாது, வயிற்றெரிச்சல். ஆனாலும் ஒரு வாளிப் பாலைத் தலையில் ஊற்றலாமா? அந்த அம்மா யார் என்று உங்களுக்குத் தெரியுமா?

தெரியாதா. சரி.

ஏன் ம் நின்றுவிட்டது? டீ ஆறுகிறது பாருங்கள், கையிலேயே வைத்திருக்கிறீர்கள். குடியுங்கள் அக்கா.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். திரிந்த செய்தி எங்கள் ஆபீஸுக்கு அன்று காலையே வந்துவிட்டது. சார் என்னைக் கூப்பிட்டார். தோளில் கை வைத்தார்.

"தணிகை, ரொம்ப நாளா ஆசைப்பட்டியேய்யா. அந்தப் பக்கத்தைத் திருத்திடு."

எனக்கு முதலில் புரியவில்லை. "எதை சார்?"

"ஜீரோ பக்கத்தை. உள்ளது உள்ளபடி எழுது. சரியானதை எழுதறதுக்கு என்ன தயக்கம்?"

எழுதினேன் அக்கா. ‘பூஜ்யம் கொடுத்தால் பொத்தானை அழுத்தும்வரை காத்திருக்கும்.’ எத்தனை வருஷம் எழுத ஆசைப்பட்ட வரி! எழுதி முடித்ததும் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, மனசுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அப்பாடா, தண்டோராவும் ராசாவும் ஒன்றாகிவிட்டார்கள் என்று. அந்தக் குளுகுளுப்பை நினைத்தால்தான் இப்போது சோறு இறங்கவில்லை.

பக்கத்தின் அடியில் கடைசியாகத் திருத்திய தேதி இருக்கும். பெரிய மாற்றம் என்றால்தான் அதை மாற்றுவோம். சின்னத் திருத்தத்துக்கு மாற்றுகிற வழக்கம் இல்லை. "ஒரு வரிதானே, சின்னது" என்றார் சார். சின்னதுதானே? தேதி பழையபடியே இருந்தது.

அதற்கப்புறம் இந்தக் கம்பெனிக்காரர்கள் கையேட்டைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். பார்த்தால், காத்திருக்கும் என்று பளிச்சென்று எழுதியிருக்கிறது. தேதியோ அவள் வேலைக்குச் சேருவதற்கும் முந்தியது. "படிக்காமப் போட்டுட்டு இப்பப் பொய் வேற சொல்றியா" என்று அவளைக் கேட்டிருக்கிறார்கள். அவளும் திறந்து பார்த்தாளாம். பார்த்துவிட்டு, "நான் வாசிக்கும்போது இப்படி இல்ல. எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு" என்றாளாம்.

‘எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு.’ அதைக் கேட்டதும்தான்...

ஆனால் அக்கா, நான் எழுதினதில் பொய் ஒரு எழுத்து இருக்கிறதா? நீங்களே சொல்லுங்கள். ராசா செய்வதைத்தானே எழுதினேன்? முன்னால் இருந்ததுதான் பொய். இப்போது இருப்பது சத்தியம். சத்தியத்தை எழுதி ஒருத்திக்கு இப்படி ஆகும் என்று எவன் நினைப்பான்?

இன்றைக்கு அவளை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். அனுப்பினால் பரவாயில்லை, வேறு வேலை கிடைக்கும் என்று சொல்ல முடியாது. பால் கெட்ட கதை இந்த வட்டாரத்தில் எல்லாக் கம்பெனிக்கும் போய்விட்டது. ‘படிக்காமல் போட்டாள், கேட்டால் பொய் சொன்னாள்’ என்றுதான் அவள் பெயர் நிற்கும். அதைத் தடுக்க ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறான். அன்றைக்கு நான் வாசித்தது எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். வேறு சாட்சி இல்லை.

அதனால்தான் வந்திருக்கிறேன். சார் என்னைத்தான் அனுப்பினார், "நீ பதமாப் பேசற ஆளு, உன்ன விட்டா யாரு" என்று. அவருக்குத் தெரியாது நான் என்ன சொல்லப் போகிறேன் என்று. பஸ்ஸில் வரும்போதே முடிவு பண்ணிவிட்டேன். உள்ளே போய், ‘போனில் அந்தப் பெண்ணுக்கு வாசித்தது நான்தான், பக்கத்தைப் பிறகு திருத்தினதும் நான்தான்’ என்று சொல்லிவிடப் போகிறேன். உங்களிடம் சொன்னது ஒரு விதத்தில் ஒத்திகை. பாருங்கள், தடங்கலே இல்லாமல் வந்துவிட்டது.

கூப்பிடுகிறார்கள். "தணிகைவேல் யாருங்க?" நான்தான், நான்தான். அக்கா, பையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதோ வந்துவிடுகிறேன்.

...

வந்துவிட்டேன். பை இருக்கிறதா. நன்றி அக்கா.

முடிந்துவிட்டது. ரொம்ப நேரம் ஆகவில்லை, பார்த்தீர்களா? உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. மூன்று பேர் இருக்கிறார்கள், நடுவில் ஒரு பெரியவர். அந்தப் பெண் ஓரமாக நிற்கிறாள். பெரியவர் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். "உங்க கையேடுதானுங்களே இது?" என்றார். ஆமாம் என்றேன். "இதுல எழுதியிருக்கறது சரிதானுங்களா? மிஷின் இப்படித்தான் நடக்குமுங்களா?" என்றார்.

சரிதான் என்றேன்.

சரிதானே அக்கா? வேறென்ன சொல்ல முடியும்? அவர் கேட்டது அது ஒன்றுதான். வேறு ஏதாவது கேட்பார், அப்போது சொல்லலாம் என்று நின்றேன். "அவ்வளவுதானுங்க, நீங்க போலாம்" என்று சொல்லிவிட்டார். கேட்காமல் நாமாக எப்படி ஆரம்பிப்பது? பெரியவர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். வாசல்வரை வந்து திரும்பிப் பார்த்தேன். அதற்குள் அவர்கள் டீ வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் என் குரலைக் கேட்டதும் அந்தப் பெண் சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் ‘சரிதான்’ என்றபோது.

அதோ, வெளியே வருகிறாள். நீங்கள் பேசாமல் இருங்கள். இங்கேதான் வருகிறாள்.

"ஆமாம்மா, சொல்லுங்க... எந்தப் போன்? இல்லையே. எங்க ஆபீஸ்ல நிறையப் பேர் இருக்கோம்மா. எல்லாரும் மெதுவாத்தான் பேசுவோம். அப்படித்தான் பழக்கி வெச்சிருக்காங்க. நீங்க வேற யாரையாவது... ஆமா. ஆமா, இருக்கலாம். பாத்துப் போங்கம்மா."

போய்விட்டாள்.

நன்றி சொல்லிவிட்டுப் போகிறாள் பாருங்கள் அக்கா. ‘அன்னைக்கு அந்த சாரும் இப்படித்தான் தன்மையாப் பேசுனாரு’ என்கிறாள்.

ஒன்று கவனித்தீர்களா? வரும்போது நேராகத்தான் வந்தாள். உங்களைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போய், துப்பட்டாவை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். இங்கே வெயில்கூட இல்லையே. எதற்காக?

நீங்கள் ஏன் ஒன்றுமே பேசமாட்டேன் என்கிறீர்கள்? நான் உள்ளே போகுமுன்பே ம் நின்றுவிட்டது. கோபமா? பால் காசுக்காகவா? அது எப்படியும் வந்துவிடும், எங்கள் ஆபீஸும் பால் கம்பெனியும் பேசிக்கொள்வார்கள்.

அக்கா, எனக்கு ஒரு யோசனை. நீங்கள் உள்ளூர். உங்கள் பேச்சுக்கு இங்கே மரியாதை இருக்கும். உள்ளே அவர்கள் இன்னும் டீதான் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் போய்ச் சொல்லிவிடுங்களேன். ‘அந்தப் புள்ள போன் பண்ணுனது நெசம், படிச்சது நெசம், பக்கத்தப் பொறவு மாத்திப்புட்டாங்க’ என்று மூன்று வார்த்தை. யார் சொன்னது என்று கேட்டால், கேள்விப்பட்டேன் என்று சொல்லிவிடுங்கள். என் பெயர் வேண்டாம். எழுதிக்கூடத் தர வேண்டாம், வாயால் சொன்னாலே போதும்.

எழுந்துவிட்டீர்களா. நல்லது. ரொம்பப் புண்ணியம் அக்கா. டம்ளரை இப்படிக் கொடுங்கள், நான் வைத்துவிடுகிறேன். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லையே நீங்கள்.

அக்கா, அறை இந்தப் பக்கம். அது படி. படியில் இறங்கினால் வாசலுக்குப் போய்விடும். அக்கா?

கீழே அவள் கேட்டைத் தாண்டிப் பஸ் நிறுத்தத்துக்குப் போகிறாள், ஜன்னல் வழியாகத் தெரிகிறது. நீங்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுகிறீர்கள். செருப்பை இங்கேயே விட்டுவிட்டீர்கள். என் பெயர் வேண்டாம் என்றேனே, நினைவிருக்கிறதா? ஆபீஸ் பெயரும் வேண்டாம்.

கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டால் உங்களுக்குக் கேட்கும். கூப்பிட்டால் உள்ளே இருப்பவர்களுக்கும் கேட்டுவிடும், அக்கா.